புயலுக்குள் பறக்கும் விமானங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அட்லாண்டிக் சூறாவளிகளுக்குள் புகுந்து அளவெடுத்துத் திரும்பும் அமெரிக்க ஆய்வு விமானங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தோம். அந்தப் பத்திக்கு வந்த கடிதங்கள் நாங்கள் எதிர்பார்த்ததை விட அதிகம் என்பதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

செயற்கைக்கோள்கள் விண்ணிலிருந்து புயலை இடைவிடாமல் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது, மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்து உள்ளே போக வேண்டிய அவசியம் என்ன? (நாகப்பட்டினம் வாசகி)

செயற்கைக்கோளுக்குத் தெரிவது புயலின் தலை. கரையில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது அதன் கால். மேகங்களின் மேற்பரப்பு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, நடுவிலுள்ள கண் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, மேகப் பட்டைகள் எப்படிச் சுருண்டிருக்கின்றன என்பவற்றைப் பார்த்துப் புயலின் வலிமையை மதிப்பிடும் முறை ஒன்றை 1970களில் வெர்னன் துவோராக் என்ற அமெரிக்க வானிலையாளர் வகுத்தார். இன்றும் உலகின் பெரும்பாலான கடல்களில் அந்த முறைதான் கைகொடுக்கிறது. ஆனால் அது நோயாளியின் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் இவ்வளவு என்று சொல்லும் அனுபவசாலி மருத்துவரின் கணிப்பைப் போன்றது. பெரும்பாலும் சரியாக இருக்கும், தவறினால் பெரிதாகத் தவறிவிடும்.

அப்படித் தவறிய கதை ஒன்று அண்மைக் காலத்திலேயே உண்டு. 2023 அக்டோபர் 24ஆம் தேதி பிற்பகலில், மெக்சிகோவின் பசிபிக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்த ஓட்டிஸ் சூறாவளிக்குள் அமெரிக்க விமானப்படையின் விமானம் ஒன்று நுழைந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணித்திருந்ததை விடப் புயல் மிகவும் வலுத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. முந்தைய நாள் சாதாரண வெப்பமண்டலப் புயலாக இருந்த ஓட்டிஸ், 25ஆம் தேதி அதிகாலையில் ஐந்தாம் வகைச் சூறாவளியாக (காற்றின் வேகத்தைக் கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்துவார்கள்; ஐந்துதான் உச்சம்) அகபுல்கோ நகரத்தின் மீது இறங்கியது. விமானம் சொன்ன செய்திக்கும் கரை கடந்த நேரத்துக்கும் இடையே கிடைத்தவை சில மணி நேரங்களே. அந்த விமானமும் போகாமல் இருந்திருந்தால் அந்தச் சில மணி நேரங்களும் கிடைத்திருக்கா.

ஆகவே, இந்த விமானங்கள் தேடிப் போவது முக்கியமாக இரண்டு எண்களை. ஒன்று, புயலின் மையத்தில் கடல் மட்டத்திலுள்ள காற்றழுத்தம். இன்னொன்று, கடல் மட்டத்தில் வீசும் காற்றின் உச்ச வேகம். மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

கடல் மட்டக் காற்றை அளக்க வேண்டும் என்றால் விமானம் கடலை ஒட்டிப் பறக்க வேண்டாமா? (மதுரை வாசகர்)

நல்ல கேள்வி. வலுவான சூறாவளிக்குள் விமானம் வழக்கமாகப் பறப்பது 8,000 முதல் 10,000 அடி உயரத்தில். அதாவது ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோமீட்டர். அங்கே விமானத்தின் மீது மோதும் காற்று வேறு, கீழே தென்னையையும் கூரையையும் பெயர்க்கும் காற்று வேறு. இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே உள்ள கருவிதான் டிராப்சோண்ட்.

முழங்கை நீளமுள்ள, அரைக் கிலோவுக்கும் குறைவான எடையுள்ள ஓர் உருளை அது. விமானத்தின் அடிப்பகுதியிலுள்ள குழாய் வழியாக அதை வெளியே விடுவார்கள். சிறிய பாராசூட் ஒன்று விரியும். கருவி கீழே இறங்கிக்கொண்டே காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றை அளக்கும். ஜிபிஎஸ் உதவியுடன் தான் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக அடித்துச் செல்லப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் வேகத்தையும் கண்டறிந்து, வானொலி அலை வழியாக விமானத்துக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும். மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடலைத் தொட அதற்கு ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் ஆகும். கடலில் விழுந்ததும் அதன் வாழ்க்கை முடிந்தது. யாரும் திரும்ப எடுப்பதில்லை.

கண்ணின் நடுவில் விடப்படும் கருவி மிக முக்கியமானது. காற்றே இல்லாத மையத்தில் அது விழ வேண்டும். ஆனால் சில நேரங்களில் சற்று விலகி, காற்று வீசும் இடத்தில் விழுந்துவிடும். அப்போது, கடல் மட்டத்தில் கருவி அளந்த ஒவ்வொரு பத்து நாட் வேகக் காற்றுக்கும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்) ஒரு மில்லிபார் (காற்றழுத்தத்தின் அலகு) வீதம் கழித்து மைய அழுத்தத்தைக் கணக்கிடுவார்கள். கண்ணால் குறிபார்த்துக் கல் எறிபவரின் கணக்கைப் போன்ற எளிய விதிதான், ஆனாலும் பல ஆண்டுகளாக நம்பகமாக இருந்துவருகிறது.

ஜிபிஎஸ் வசதியுள்ள இந்தக் கருவி 1997இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னர், மேலே அளந்த வேகத்தில் ஒரு பங்கைக் குறைத்துக் கீழேயுள்ள வேகத்தை ஊகித்தார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரில், மூன்று கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றில் சராசரியாக 90 விழுக்காடு கடல் மட்டத்திலும் வீசுகிறது என்பதை நூற்றுக்கணக்கான டிராப்சோண்டுகள் காட்டிக்கொடுத்தபோது, பழைய கணக்குகள் ஆட்டம் கண்டன. 1992 ஆகஸ்டில் தெற்கு புளோரிடாவைச் சிதைத்த ஆண்ட்ரூ சூறாவளியை நான்காம் வகை என்றே பதிவு செய்திருந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2002இல், இந்தப் புதிய அறிவைக் கொண்டு மறுபடியும் கணக்கிட்டு, அது மணிக்கு 165 மைல் வேகக் காற்றுடன் கரை கடந்த ஐந்தாம் வகைச் சூறாவளி என்று திருத்தினார்கள். இடிந்த வீடுகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்தத் திருத்தம் வியப்பளித்திருக்காது என்று நினைக்கிறேன்.

இது தவிர, விமானத்தில் நுண்ணலைக் கருவி ஒன்றும் உண்டு. காற்று வலுக்க வலுக்கக் கடலின் மேல் வெண்ணுரை பெருகும். அந்த நுரையிலிருந்து வெளிப்படும் நுண்ணலைக் கதிர்வீச்சை அளந்து காற்றின் வேகத்தை அது சொல்லிவிடும். டிராப்சோண்ட் விழுந்த புள்ளியை மட்டும் காட்டும். இந்தக் கருவியோ விமானம் போகும் பாதை முழுவதையும் காட்டும்.

மணிக்கு 250 கிலோமீட்டர் வேகக் காற்றில் விமானம் எப்படி உடையாமல் இருக்கிறது? அதற்கென்று இரும்பைப் போலப் பலப்படுத்துவார்களா? (சேலம், பத்தாம் வகுப்பு மாணவர்)

இல்லை, தம்பி. புயலுக்குள் போகும் இரு வகை விமானங்களும் வேறு வேலைகளுக்காக வடிவமைக்கப்பட்டவையே. மிசிசிப்பி மாநிலத்தின் கீஸ்லர் தளத்திலிருக்கும் விமானப்படையின் 53ஆவது வானிலை உளவுப் பிரிவு பயன்படுத்தும் டபிள்யூசி-130ஜே, அடிப்படையில் ஒரு சரக்கு விமானம். ‘நோவா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகத்தின் பி-3 ஓரியன், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காக உருவான விமானம். நோவாவிடம் அப்படி இரண்டு விமானங்கள் உள்ளன; குழந்தைகளுக்கான பொம்மலாட்டப் பாத்திரங்களின் பெயரால் ஒன்றைக் கெர்மிட் என்றும் மற்றொன்றை மிஸ் பிக்கி என்றும் அழைக்கிறார்கள். இரண்டும் 1970களின் நடுவில் வந்தவை. புகுந்து வந்த ஒவ்வொரு புயலின் பெயரும் அவற்றின் உடலில் ஒட்டப்பட்டிருக்கும்.

உடையாததற்குக் காரணம் காற்றின் இயல்பிலேயே இருக்கிறது. வெள்ளம் ஓடும் காவிரியில் ஒரு பரிசல் போவதாக நினைத்துக்கொள். வெள்ளம் எவ்வளவு வேகமாக ஓடினாலும், அது ஒரே சீராக ஓடும்வரை பரிசலும் அதனுடன் சேர்ந்து போகும். பரிசலை நீர் அறைவதில்லை. பாறையில் மோதிச் சுழிக்கும் இடத்தில்தான் ஆபத்து. விமானமும் அப்படித்தான். தன்னைச் சுற்றியுள்ள காற்றுத் தொகுதிக்குள் அது நீந்துகிறது. அந்தத் தொகுதி மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் விமானத்தின் பாதை விலகுமே தவிர, இறக்கைக்கு வலிக்காது. வட அரைக்கோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்வதால், மையத்தை நோக்கிப் போகும் விமானத்துக்குக் காற்று இடப்பக்கத்திலிருந்து வரும். விமானி மூக்கை இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நண்டு நகர்வதைப் போலச் சாய்ந்து சாய்ந்து நேர்பாதையில் போவார்.

ஆபத்து எங்கே என்றால், குறுகிய தூரத்துக்குள் காற்று சட்டென்று மாறும் இடங்களில். குறிப்பாக மேலே தூக்கும் காற்றும் கீழே அமுக்கும் காற்றும் அடுத்தடுத்து நிற்கும் மேகச் சுவரில். அதனால்தான் வேகத்தைக் குறைத்து நுழைகிறார்கள். வேகமாகப் போகும் வண்டிக்குத்தான் பள்ளம் பலமாக அடிக்கும். அதனால்தான் உந்துவிசிறி பூட்டிய நான்கு என்ஜின் விமானங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: ஒரு என்ஜின் போனாலும் மூன்று இருக்கும்; விமானி விசையைக் கூட்டியதும் விசிறி உடனே இழுக்கும். அதனால்தான் உள்ளே போகுமுன் ரேடாரில் மேகச் சுவரை உற்றுப் பார்த்து, எந்தப் பக்கம் மென்மையாக இருக்கிறது என்று இடம் தேடுகிறார்கள். கடல் உப்பு என்ஜினில் தங்கிவிடும் என்பதால், திரும்பி வந்ததும் விமானத்துக்கு நல்ல தண்ணீரில் ஒரு குளியலும் உண்டு.

முதன்முதலில் இந்தத் துணிச்சல் யாருக்கு வந்தது? (யாழ்ப்பாணம் வாசகர்)

ஜோசஃப் டக்வொர்த் என்ற அமெரிக்க விமானப்படைக் கர்னலுக்கு. ஆராய்ச்சிக்காக அல்ல, ஒரு பந்தயத்துக்காக.

1943 ஜூலை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். டெக்சாஸின் பிரையன் விமானத் தளத்தில், வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் கலையை டக்வொர்த் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பயின்றவர்களில் பிரிட்டன் விமானிகளும் இருந்தார்கள். ஜெர்மானிய விமானங்களை எதிர்த்துப் பறந்து பழகியவர்களுக்கு, பயிற்சிக்குக் கொடுத்த ஏடி-6 என்ற ஒற்றை என்ஜின் விமானம் விளையாட்டுப் பொருளாகத் தெரிந்தது. கால்வெஸ்டன் நகருக்கு அருகே புயல் வருகிறது, விமானங்களை அப்புறப்படுத்த வேண்டியிருக்கும் என்ற செய்தி வந்ததும் கேலி கூடிவிட்டது. அந்த விமானத்திலேயே புயலுக்குள் போய் வருகிறேன் என்று டக்வொர்த் பந்தயம் கட்டினார். பந்தயப் பொருள் ஒரு கோப்பை மது.

ஜூலை 27ஆம் தேதி, ரால்ஃப் ஓஹேர் என்ற வழிகாட்டி அதிகாரியை உடன் அழைத்துக்கொண்டு, மேலிடத்தில் அனுமதி எதுவும் கேட்காமல் புறப்பட்டார். நாயின் வாயில் அகப்பட்ட குச்சியைப் போல ஆட்டி எடுத்தது என்று ஓஹேர் பின்னர் சொன்னார். இருவரும் கண்ணுக்குள் போய்ப் பத்திரமாகத் திரும்பினார்கள். தரையிறங்கியதும், தளத்தின் வானிலை அதிகாரி வில்லியம் ஜோன்ஸ்-பர்டிக் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார். ஓஹேர் இறங்கிக்கொள்ள, டக்வொர்த் அன்றைக்கே இரண்டாம் முறையும் உள்ளே போய் வந்தார். அந்த இரண்டாவது பயணத்தைத்தான் உண்மையில் அறிவியல் பயணம் என்று சொல்ல வேண்டும். முதல் பயணம் வீம்பு. ஆனால் வீம்பு ஒரு கதவைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே ராணுவம் திட்டமிட்டு விமானங்களை அனுப்பத் தொடங்கியது.

கண்ணுக்குள் எப்படி இருக்கும்? (திருநெல்வேலி வாசகி)

நன்றாக உருவான சூறாவளியில், கண்சுவரைத் தாண்டியதும் ஆட்டம் சட்டென்று நின்றுவிடும். மழையும் நிற்கும். சுற்றிலும் விளையாட்டரங்கத்தின் படிக்கட்டுகளைப் போல மேலே போகப் போக வெளிப்பக்கம் சாயும் வெண்மேகச் சுவர். உச்சியில் நீல வானம், இரவென்றால் விண்மீன்கள். கீழே பார்த்தால் கடல் மட்டும் அமைதியாக இருப்பதில்லை. நாலாபக்கமும் இருந்து வரும் அலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும். கண்ணுக்குள் சிக்கிய கடற்பறவைகள், புயலோடு சேர்ந்தே நாள்கணக்கில் நகர்வதும் உண்டு.

கண்ணின் விட்டம் பொதுவாக 30 முதல் 65 கிலோமீட்டர் வரை இருக்கும். 2005 அக்டோபர் 19ஆம் தேதி கரீபியன் கடலில் இருந்த வில்மாவின் கண் 3.7 கிலோமீட்டர்தான். மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதைக் கடக்க அரை நிமிடம் போதும்; அதற்குள் மையத்தைக் கண்டுபிடித்து டிராப்சோண்டை விட வேண்டும். அன்று அங்கே அளந்த அழுத்தம் 882 மில்லிபார். அட்லாண்டிக் வரலாற்றிலேயே மிகக் குறைந்த அழுத்தம் அதுதான். (உலக அளவில் 1979 அக்டோபர் 12ஆம் தேதி, மேற்குப் பசிபிக்கில் டிப் என்ற புயலுக்குள் விமானத்திலிருந்து போட்ட கருவி காட்டிய 870 மில்லிபார் இன்னும் முறியடிக்கப்படவில்லை. சாதாரண நாளில் கடல் மட்ட அழுத்தம் ஏறக்குறைய 1,013.)

விபத்துகள் நடந்ததில்லையா? (கோயம்புத்தூர் வாசகர்)

நடந்திருக்கின்றன. 1945 முதல் 1974 வரை ஆறு விமானங்கள் திரும்பி வரவில்லை. 53 பேர் இறந்தார்கள். அவற்றில் ஐந்து மேற்குப் பசிபிக் புயல்களிலும், ஒன்று கரீபியனிலும் போயின. கரீபியனில் போனது 1955 செப்டம்பர் 26ஆம் தேதி ஜேனட் சூறாவளிக்குள் சென்ற அமெரிக்கக் கடற்படை விமானம். ஒன்பது படையினருடன், கனடாவின் டொரண்டோ நாளிதழ் ஒன்றின் செய்தியாளரும் புகைப்படக்காரரும் அதில் இருந்தார்கள். கண்சுவருக்குள் நுழையப்போவதாக வந்த செய்திதான் கடைசி. விமானத்தின் சிதைவுகூடக் கிடைக்கவில்லை. ஆறாவது விமானம் 1974 அக்டோபரில் தென்சீனக் கடலில் பெஸ் என்ற புயலுக்குள் ஆறு பேருடன் மறைந்தது. அதற்குப் பிறகு இதுவரை ஒரு விமானம்கூட இப்படிப் போகவில்லை.

ஆனால் 1989 செப்டம்பர் 15ஆம் தேதி ஒன்று போக இருந்தது. பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே இருந்த ஹியூகோ சூறாவளிக்குள் நோவாவின் பி-3 விமானம், 16 பேருடன் 1,500 அடி உயரத்தில் நுழைந்தது. கடலுக்கு நெருக்கமாகக் காற்று எப்படி நடந்துகொள்கிறது என்று அறியும் ஆய்வுக்காகத்தான் அவ்வளவு தாழ்வாகப் போனார்கள். அவர்கள் எதிர்பார்த்ததை விட ஹியூகோ வலுவாக, ஐந்தாம் வகையாக வளர்ந்திருந்தது. கண்சுவரின் உள் விளிம்பில் ஒரு சிறு சுழல், சூறாவளிக்குள் ஒரு குட்டிச் சூறாவளியைப் போல, ஒளிந்திருந்தது. விமானம் நேராக அதில் போய் விழுந்தது. மேலும் கீழுமாக அடுத்தடுத்து விழுந்த அடிகளில், கட்டி வைத்திருந்த பொருட்கள் அறுத்துக்கொண்டு விமானத்துக்குள் பறந்தன. மூன்றாம் என்ஜின் தீப்பற்றியது. விமானம் 1,000 அடிக்கும் கீழே இறங்கிவிட்டது. விமானிகள் எரியும் என்ஜினை அணைத்து, எப்படியோ கண்ணுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இனிதான் உண்மையான இக்கட்டு. கண்ணுக்குள் அமைதி, ஆனால் வெளியே போக அதே சுவரைத் தாண்ட வேண்டும், இம்முறை மூன்று என்ஜின்களுடன். கண்ணுக்குள்ளேயே வட்டமிட்டு வட்டமிட்டு, எரிபொருளைக் கடலில் கொட்டி எடையைக் குறைத்து, மெல்ல மெல்ல உயரம் ஏறினார்கள். நல்லவேளையாக, விமானப்படையின் வானிலை விமானம் ஒன்றும் அதே நேரத்தில் ஹியூகோவில் இருந்தது. அது பி-3யின் அடிப்பகுதியைச் சுற்றிப் பார்த்துச் சேதத்தைச் சொன்னது. பிறகு கண்சுவரை மாறி மாறிக் கடந்து, வடகிழக்குப் பக்கம் சற்றே மென்மையாக இருக்கிறது என்று வழி சொல்லிக் கொடுத்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அந்த வழியாக வெளியேறி, 16 பேரும் பார்படோஸில் உயிருடன் இறங்கினார்கள். வலுவான சூறாவளிகளுக்குள் அவ்வளவு தாழ்வாகப் போகும் வழக்கம் அன்றோடு நின்றது. அந்த விமானம் கெர்மிட்தான். பழுது பார்க்கப்பட்டு மறுபடியும் பறக்கத் தொடங்கியது.

பணம் கட்டினால் என்னைப் போன்றவர்களைக் கூட்டிப்போவார்களா? (பெங்களூரு வாசகர்)

மாட்டார்கள். செய்தியாளர்களுக்கு அவ்வப்போது இடம் கொடுப்பதுண்டு. எட்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயணம் அது; அதில் பெரும்பகுதி சாம்பல் நிற மேகத்தைத் தவிர வேறு எதுவும் ஜன்னலில் தெரியாது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

புயலுக்குள் போகத்தான் முடிகிறதே, அப்படியே எதையாவது தூவி அதை அழித்துவிட முடியாதா? (கடலூர் வாசகர்)

முயன்று பார்த்தார்கள். 1947 அக்டோபரில், கடலுக்குள் விலகிப் போய்க்கொண்டிருந்த ஒரு சூறாவளியின் மீது விமானத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோ உலர்பனியைத் தூவினார்கள். அந்தப் புயல் திரும்பி வந்து ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரைத் தாக்கியது! தூவுவதற்கு முன்பே அது திரும்பத் தொடங்கிவிட்டது என்று பின்னர் தெரிந்தாலும், பழி வந்து சேர்ந்தது வந்து சேர்ந்ததுதான்.

அதன் பிறகு 1962இல் ஸ்டார்ம்ஃபியூரி என்ற பெரிய திட்டம் தொடங்கியது. மேகத்தில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமலிருக்கும் நீர்த்துளிகள் உண்டு. வெள்ளி அயோடைடைத் தூவினால் அவை உறையும். உறையும்போது வெப்பம் வெளிப்படும். அந்த வெப்பத்தில் பழைய சுவருக்கு வெளியே இன்னொரு மேகச் சுவர் எழும்பி, கண் அகன்று, காற்று தளரும் என்பது கணக்கு. 1969இல் டெபி சூறாவளியில் இரண்டு நாட்கள் தூவியபோது காற்றின் வேகம் ஒருநாள் 31 விழுக்காடும் இன்னொரு நாள் 18 விழுக்காடும் குறைந்தது. வெற்றி என்றே நம்பினார்கள். ஆனால் விமானங்கள் தொடர்ந்து அளந்து கொண்டுவந்த தகவல்களே அந்த நம்பிக்கையை உடைத்தன. சூறாவளி மேகங்களில் அப்படிப்பட்ட நீர்த்துளிகள் மிகக் குறைவு, பெரும்பாலும் முன்பே பனியாகிவிடுகின்றன என்று தெரிந்தது. அதைவிட முக்கியமாக, யாரும் எதையும் தூவாத வலுவான சூறாவளிகளிலும் வெளியே புதுச் சுவர் எழுந்து, உள்சுவர் கலைந்து, காற்று தற்காலிகமாகத் தளர்வது இயற்கையாகவே நடக்கும் என்றும் தெரிந்தது. டெபியிலும் அது தானாகவே நடந்திருக்கலாம் அல்லவா? 1983இல் திட்டத்தை மூடினார்கள். அந்தத் திட்டத்துக்காக வாங்கிய இரண்டு விமானங்கள்தான் கெர்மிட்டும் மிஸ் பிக்கியும். புயலை அடக்கப் போனவர்கள் தோற்றார்கள். அளக்கும் பழக்கம் மிஞ்சியது. எனக்கென்னவோ, நட்டமான பேரமாகத் தோன்றவில்லை.

நம் வங்கக் கடல் புயல்களுக்குள் ஏன் இப்படி விமானங்கள் போவதில்லை? (சென்னை, இராமநாதபுரம், காரைக்கால் எனப் பல ஊர் வாசகர்கள்)

வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் வழக்கமான விமான அளவீடு இல்லை என்பது உண்மை. இந்திய வானிலை ஆய்வுத் துறை, இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் படங்களையும், துவோராக் முறையையும், கடலில் மிதக்கும் கருவிகளையும், கரையோர டாப்ளர் ரேடார்களையும் கொண்டே புயலின் வலிமையைச் சொல்கிறது. இதில் நாம் மட்டும் தனித்து இல்லை. புயல்கள் மிக அதிகமாகத் தோன்றும் மேற்குப் பசிபிக்கிலேயே, அமெரிக்கா தன் வழக்கமான விமானப் பயணங்களை 1987இல் நிறுத்திவிட்டது. பின்னர் 2003 முதல் தைவானும், அதன் பிறகு ஹாங்காங்கும் ஜப்பானும் தத்தம் கரையை நோக்கி வரும் புயல்களுக்கு விமானங்களை அனுப்பி டிராப்சோண்டுகளைப் போடுகின்றன. பெரும்பாலும் புயலைச் சுற்றிப் பறந்துதான்.

செலவு முதல் காரணம். வட இந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து புயல்கள்தான் உருவாகின்றன. அதற்காகத் தனி விமானங்களையும், ஆண்டு முழுவதும் பயிற்சியில் இருக்கும் ஆட்களையும் வைத்திருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது சரியா என்ற ஐயம் எனக்கு உண்டு. வங்கக் கடல் ஒடுங்கிய கடல், கரையோரம் ஆழம் குறைந்தது, மக்கள் நெருக்கமாக வாழ்வது. வலிமையைக் கணிப்பதில் நேரும் சிறு பிழைக்கும் இங்கே விலை அதிகம். கரையை நெருங்கியதும் ரேடார் உதவுகிறது என்பது ஆறுதல்தான், ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாட்களுக்கு அந்த ஆறுதல் இல்லை. சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்த காலத்தில், 1963 மே மாதம், அரபிக் கடலில் உருவான புயலை அமெரிக்க ஆய்வு விமானங்கள் அளந்தன என்பதையும், அந்தத் தகவல்களைக் கொண்டு இந்திய வானிலையாளர்களும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள் என்பதையும் இங்கே நினைவூட்டலாம். நம் கடலுக்கு இது முற்றிலும் அந்நியமான வேலை அல்ல.

இனி ஆளில்லா விமானங்கள் போதும் அல்லவா? (தஞ்சாவூர் வாசகர்)

கூடவே போகின்றன; பதிலாகப் போவதில்லை. 2014இல் எட்வார்ட் சூறாவளிக்குள் பி-3யிலிருந்து சிறிய ஆளில்லா விமானங்களை ஏவினார்கள். 2022இல் இயன் சூறாவளியில் அதை விட நீண்ட நேரம் பறக்கும் வகையைச் சோதித்தார்கள். மனிதர் போக முடியாத அந்தக் கடைசி சில நூறு அடிகளில் அவை பறக்கின்றன. ஹியூகோவில் பி-3 செய்யப் பார்த்த வேலை அதுதான். 2021 செப்டம்பர் 30ஆம் தேதி, ஆளில்லாத பாய்மரப் படகு ஒன்று சாம் சூறாவளிக்குள்ளேயே போய், 50 அடி அலைகளுக்கு நடுவே எடுத்த படத்தை அனுப்பியது. ஆனால் கனமான ரேடாரைத் தூக்கிக்கொண்டு, புயலைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, எந்த இடத்தில் நுழைவது என்று அங்கேயே முடிவெடுத்து எட்டு மணி நேரம் பறப்பதற்கு இன்றும் பெரிய விமானமும் ஆட்களும்தான் வேண்டியிருக்கிறது. பழைய பி-3களுக்கு மாற்றாகச் சி-130ஜே விமானங்களை வாங்க நோவா ஏற்பாடு செய்துவிட்டது. அவையும் ஆள் ஏறும் விமானங்களே.

ஒரே ஆள் எத்தனை முறை இப்படிப் போய் வந்திருப்பார்? (புதுச்சேரி வாசகி)

கண்ணுக்குள் ஒருமுறை புகுந்து வருவதை அவர்கள் தங்களுக்குள் ‘பென்னி’ என்று குறிப்பிடுவார்கள். ஒரே பயணத்தில் இரண்டு, மூன்று, நான்கு முறைகூடக் கண்ணைக் கடப்பதால் எண்ணிக்கை விரைவில் ஏறும். நோவாவில் 40 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய பீட்டர் டாட்ஜ் என்ற ரேடார் ஆய்வாளரின் கணக்கு 386. 2023இல் அவர் இறந்தார். 2024 அக்டோபர் 8ஆம் தேதி, புளோரிடாவை நோக்கி வந்துகொண்டிருந்த மில்டன் சூறாவளிக்குள் நோவாவின் பி-3 நுழைந்தபோது, அவருடைய சாம்பலையும் சக பணியாளர்கள் எடுத்துப் போனார்கள். கண்ணின் நடுவில் அதை விட்டுவிட்டு, வழக்கம்போல மயாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். அழுத்தம், காற்று, வெப்பநிலை என்னும் எண்களுடன், பீட்டர் டாட்ஜ் என்ற பெயரும், 1950, 2023 என்ற இரண்டு ஆண்டுகளும், 387ஆவது பென்னி என்ற குறிப்பும் அதில் இருந்தன.